பைனஸ் கன்றின் இலை ஏன் பழுக்கிறது?

(வட்டவளைப் பகுதித் தோட்ட இளைஞர் யுவதிகளுக்கான வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



மரக்கறித் தோட்டத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள. கோவாவும் போஞ்சியும் போடுவதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தர வேண்டும். இன்றைக்கு நான் பேசப் போவது சட்டியில் வளர்க்கிற பைனஸ் கன்றைப் பற்றி. போன்சாய் என்று ஜப்பான்காரர் சொல்கிற குட்டை மர வளர்ப்பு இப்போது நம்முடைய லயங்கள் வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு சட்டி, கம்பி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் காசு போட்டுச் செய்கிற காரியம் என்பதால் ஒரு கதையைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

தம்பி ஒருவர் போன வருடம் நாற்பது பைனஸ் கன்றுகளைச் சட்டியில் வைத்தார். வளர்த்து சுற்றுலா விடுதிகளுக்கு விற்கலாம் என்பது எண்ணம். சட்டிக்குப் போட்ட காசு கடன் காசு. ஆடி மாதம் போல ஊசியிலையெல்லாம் பளபளப்பு இல்லாமல் மங்கி, மஞ்சளாகி, நுனியிலிருந்து காயத் தொடங்கியது. என்னைக் கூப்பிட்டார். சட்டிகள் தகரக் கூரை இறவாணத்துக்குக் கீழே இருந்தன, மழை நேரே விழவில்லை. நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தண்ணி பத்தல தம்பி, காலையிலும் அந்தியிலும் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று கிழமையில் இருபத்தாறு கன்று போய்விட்டது. பிறகுதான் ஒன்றைச் சட்டியிலிருந்து தட்டி எடுத்துப் பார்த்தோம். வேர் கறுத்து, அழுகி நாறியது. தேயிலை மலைக் களிமண்ணை அப்படியே போட்டதில் அடித் துவாரம் அடைத்துப் போயிருந்தது. தாகம் இல்லை, மூச்சு முட்டல். நான் சொன்ன மருந்துதான் அதைக் கொன்றது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்லாவிட்டால் நீங்களும் அதையேதான் செய்வீர்கள்.

இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் ஊசியிலை ஒரே மாதிரித்தான் காட்டும். அழுகிய வேருக்குத் தண்ணீரை இழுக்கப் பலமில்லை. ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே மரம் காய்கிறது. இலையைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும், அல்லது ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிற வட்டவளையில் இருந்துகொண்டு முதலில் தாகத்தைச் சந்தேகப்பட்டது என் புத்திக் குறைவு. இங்கே முதலில் வேரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வேரைப் பார்க்கும்போது இன்னொரு விஷயம். நல்ல பைனஸ் வேரில் வெள்ளைப் பஞ்சு நூல் மாதிரி ஒன்று படர்ந்திருக்கும், காளான் வாசம் வரும். அதைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கழுவி விடுகிறார்கள். கழுவவே கூடாது. அது வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழ்கிற நல்ல பூஞ்சணம், மண்ணிலுள்ள சத்தை எடுத்து மரத்துக்குக் கொடுக்கிறது. பைனஸ் இல்லாத வெப்ப நாடுகள் பலவற்றில் முதலில் நட்ட கன்றுகள் மஞ்சளாகி வளராமல் நின்றன. பழைய பைனஸ் காட்டு மண்ணைக் கொண்டுவந்து நாற்றுமேடையில் கலந்த பிறகுதான் எழும்பின. ஆகையால் கன்றைச் சட்டி மாற்றும்போது பழைய மண்ணில் ஒரு பங்கை அப்படியே விடுங்கள். சுகமாக நிற்கிற ஒரு பைனஸுக்குக் கீழே எடுத்த மண் ஒரு கைப்பிடி கலந்தால் இன்னும் நல்லது. மிச்சத்துக்குக் கழுவிய பரும் ஆற்று மணலும் செங்கல் சில்லும் போதும். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காட்டில் அனுமதியில்லாமல் கன்று பிடுங்கப் போகாதீர்கள், வழக்காகிவிடும்.

இனி இலைக்கு வருவோம். முதலில் உங்களிடம் இருப்பது என்ன பைனஸ் என்று பாருங்கள். நம்முடைய மலைகளில் 1980-களில் ஏக்கர் கணக்கில் நட்டது கரிபியன் பைனஸ். ஒரு உறைக்குள் பெரும்பாலும் மூன்று ஊசி இருக்கும், நீளமானது. ஜப்பான் கறுப்புப் பைனஸுக்கு இரண்டு, வெள்ளைப் பைனஸுக்கு ஐந்து. உண்மையைச் சொன்னால், இவ்வளவு நீள இலை உள்ள கரிபியன் பைனஸ் சின்னச் சட்டிக்கு அவ்வளவு எடுப்பாக இராது. ஆனால் கையில் கிடைப்பது அதுதானே, பழகுவதற்கு அது போதும்.

எந்த இலை பழுக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. உள்பக்கம், அடியில் இருக்கிற முத்தல் இலை பழுத்து உதிர்வது நோய் இல்லை. ஊசியிலைக்கும் இரண்டு மூன்று வருட ஆயுசுதான். அதற்காகப் பயந்து உரம் போடாதீர்கள். ஆனால் கன்று முழுவதுமே வெளிறி, முத்தல் இலை முந்தி மஞ்சளாகி, புதுக்குருத்து கட்டையாக வந்தால் அது நைதரசன் குறைவு. 2021-இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினபோது எங்கள் தேயிலை எப்படி வெளிறிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கொழுந்துக் கூடையை நிறுத்துப் பார்த்த கை உங்கள் கை. அதே நிறம்தான் இதுவும். சத்துக் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய குருத்துக்குக் கொடுக்கும், தாய் தன் சோற்றைப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி.

அதற்கு எதிர்மாறாக, முத்தல் இலை பச்சையாக இருக்க, புதுக்குருத்து மட்டும் மஞ்சளாக வந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. போன மாதம் ஒரு தங்கச்சி வீட்டில் இதைப் பார்த்தேன். விசாரித்ததில், மலைக்குப் போடுகிற டொலமைட்டில் ஒரு பேணி சட்டிக்குப் போட்டதாகச் சொன்னார். தேயிலை மண் அளவுக்கு மிஞ்சிப் புளித்துப் போனால் அதைச் சரிக்கட்டத்தான் டொலமைட். பைனஸ் புளிப்பு மண்ணை விரும்புகிற மரம். புளிப்பு போனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. மண்ணை மாற்றினோம், அவ்வளவுதான் வைத்தியம்.

எல்லா இலை நுனியும் ஒரே நாளில் கருகினால் பூச்சியையும் நோயையும் தேட வேண்டாம். யூரியா கூடிவிட்டது. நல்ல தண்ணீரை நாலைந்து தரம் ஊற்றி வடிய விடுங்கள்.

இலையின் நடுவில் செம்மண் நிறத்தில் வளையம் வளையமாக வந்து, அந்த இடத்தில் கறுப்புப் புள்ளி எழும்பி, அதற்கு மேலே நுனி காய்ந்தால் அது பூஞ்சண நோய். லேசான நோய் என்று விட்டுவிடாதீர்கள். இந்தச் செவ்வளைய நோய்தான் 1960-களில் கிழக்கு ஆபிரிக்காவில் ரேடியேட்டா பைனஸ் நடுகையையே கைவிட வைத்தது. நமக்குத் தெரிந்த உதாரணம் தேயிலைக் கொப்புள நோய். 1946-இல் அது இலங்கைக்கு வந்தது, இன்றைக்கும் பனியும் மழையும் தொடர்ந்தால் தலை காட்டுகிறது. இந்தப் பூஞ்சணங்களுக்கெல்லாம் வேண்டியது நனைந்த இலை. ஆகவே சட்டிகளை நெருக்கி வைக்காமல் காற்றும் வெயிலும் படும்படி வையுங்கள். அந்தியில் இலைக்கு மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

தை மாசி வெயிலில் இறவாணத்துக்குக் கீழே இருக்கிற கன்றில் இலை முழுக்க ஊசி குத்தின மாதிரி வெளிறல் வந்தால், ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சிவப்புச் சிற்றுண்ணி. தேயிலையில் பார்த்த அதே சாதிதான். தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும், மழையில் கொண்டு வைத்தாலும் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைனஸ் தாமதமாகத்தான் காட்டும். வேர் செத்துப் பல கிழமைக்குப் பிறகும் இலை பச்சையாக நிற்கும், நத்தாருக்கு வெட்டி வைத்த மரம் நிற்கிறதில்லையா, அது போல. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த இலை மறுபடி பச்சையாகாது, குருத்து மொட்டைத்தான் பார்க்க வேண்டும். அசிங்கமாக இருக்கிறது என்று எல்லா இலையையும் கிள்ளிவிட்டால், இலை இல்லாத கிளையில் பெரும்பாலும் திரும்பத் துளிர் வராது.

அந்தத் தம்பியின் கதையில் ஒரு பகுதியைப் பிந்திச் சொல்ல வைத்திருந்தேன். கன்றுகள் சாகத் தொடங்கியதும் யாரோ "மருந்து அடிச்சாச் சரி" என்றிருக்கிறார்கள். நான் இரண்டாம் தரம் போனபோது காம்பரா வாசலில் ஒரு சோடாப் போத்தல் இருந்தது, உள்ளே பால் மாதிரி ஏதோ ஒரு திராவகம். எங்கே எடுத்தது, என்ன மருந்து, எவ்வளவு கலந்தது, ஒன்றும் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது. கன்று செத்ததற்கு நான் கவலைப்பட்டது உண்மை, ஆனால் அந்தப் போத்தலைப் பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வேர் அழுகலுக்கு இலையில் அடிக்கிற எந்த மருந்தும் வேலை செய்யாது. செவ்வளைய நோய்க்குச் செப்பு மருந்து வேலை செய்யும்தான், ஆனால் அதைக் கடையில் சீட்டுள்ள பொதியில் வாங்கி, சீட்டில் உள்ள அளவில், கையுறையும் முகமூடியும் போட்டு அடிக்க வேண்டும். குடிக்கிற போத்தலில் ஊற்றி வைப்பதை எந்த வீட்டில் கண்டாலும் நான் சண்டை போடுவேன், கோபிக்க வேண்டாம்.

மிச்சப் பதினான்கு கன்றையும் மணல் கலந்த மண்ணுக்கு மாற்றினோம். பதினொன்று இப்போது குருத்து விட்டிருக்கிறது. கடன் இன்னும் முடியவில்லை, விற்கிறதற்கும் வருடக் கணக்கில் பொறுக்க வேண்டும். வாஷிங்டன் நகரத்து போன்சாய் அருங்காட்சியகத்தில் 1625-லிருந்து வளர்கிற ஒரு வெள்ளைப் பைனஸ் இருக்கிறது. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது யமாக்கி என்பவரின் குடும்பத்து வளவில் சுவருக்குப் பின்னால் நின்று தப்பிய மரம் அது, 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. அதைச் சொன்னபோது தம்பி, "அவ்வளவு நாள் பேங்க்காரன் பொறுப்பானா சேர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் இப்போது பக்கத்தில் கறிமிளகாயும் போட்டிருக்கிறார்.

சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்குச் சட்டியையே தூக்கிக்கொண்டு வாருங்கள். வர முடியாதவர்கள் முத்தல் இலை, குருத்து, வேர் மூன்றையும் தனித்தனியாகப் படம் பிடித்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். எப்போதிருந்து, என்ன போட்டீர்கள், எத்தனை தரம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வணக்கம்.