அட்வைஸ் வேண்டாம், காது கொடுத்தா போதும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்ற நண்பன், "மனசே சரியில்லடா"ன்னு சொல்றான். நாம என்ன சொல்வோம்? "எல்லாம் சரியாயிடும், ஃப்ரீயா விடு." அதோட பேச்சு முடிஞ்சிடும்.

இதுக்கு நேர் எதிரான வழியை எடுத்தவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். லண்டனில் 1953-ல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பைப் பார்த்துட்டு வந்து, 1986-ல் சென்னையில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை ஆரம்பிச்சார். அங்கே போனை எடுக்கிறவங்க டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அட்வைஸ் பண்ண மாட்டாங்க, தப்பு சரி பார்க்க மாட்டாங்க. சொன்னது வெளியே போகாது. முழுசா கேட்பாங்க, அவ்வளவுதான்.

கேட்கிறதால என்ன ஆகும்? வாய்விட்டுச் சொல்லும்போதே பாரம் கொஞ்சம் குறையும். அடுத்து என்ன செய்யலாம்னு அவங்களுக்கே தோணும்.

நிறைய பேருக்கு ஒரு பயம்: "சாகணும்போல இருக்கா"ன்னு கேட்டா, நாமே அந்த எண்ணத்தை விதைச்சிடுவோமோ? இல்லை. நேராக் கேட்டா, அவங்க மறைச்சு வெச்சதைப் பேச வழி கிடைக்கும்.

அடுத்த முறை நண்பன் சொன்னா, டீக்கடையில் உட்கார வெச்சு, "என்னடா ஆச்சு, சொல்லு"ன்னு கேளுங்க. அதுக்கு மேல உதவி வேணும்னா அரசோட டெலி மானஸ், 14416. எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.