ராய்ச்சூரில் சேர்ந்த தாளம்

2012 ஜூலை 31, மதியம் ஒரு மணி. டெல்லியில் மெட்ரோ ரயில்கள் நின்றன. மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியிருந்த தொழிலாளர்கள், லிஃப்ட் ஓடாமல் மணிக்கணக்கில் கீழேயே மாட்டிக்கொண்டார்கள். வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று மின்தொகுப்புகள் சரிந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் வாழும் பகுதி அது. ஆனால் நம் தென்னகத் தொகுப்பு விழவில்லை. காரணத்தைத் தேடிப் போனால் சில சப்ஸ்டேஷன்களுக்குள் போய் நிற்போம்.

ஊருக்கு வெளியே கம்பிவேலிக்குள் 'ம்ம்' என்று இரைந்துகொண்டிருக்கும் அந்த இடத்தை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இடம் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது பாதி வேலைதான். எந்த லைனை எதோடு சேர்ப்பது, கோளாறு வந்தால் எதைக் கழற்றிவிடுவது என்பதெல்லாம் அங்கேதான் நடக்கிறது. ரிலே கோளாறைக் கண்டுகொண்டதும், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிரேக்கர் 'டிரிப்' ஆகி லைன் தனியாகிவிடும்.

நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஒரு தொகுப்பில் இருக்கும் ஜெனரேட்டர்கள் அத்தனையும் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். தெற்கு அப்போது தனித் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரெதிரே வரும் இரண்டு ஊர்வலங்களின் மேளத்தைத் திடீரென்று ஒன்றாக்க முடியுமா? தாளத்தை ஒன்றாக்காமலேயே மின்சாரத்தைக் கடத்த ஒரு வழி செய்தார்கள். மகாராஷ்டிரத்தின் பத்ராவதியில் 1990களின் இறுதியில் ஒரு நிலையம் வந்தது. மாறுமின்னோட்டம் உள்ளே வரும், நேர்மின்னோட்டமாகும், அதே வளாகத்துக்குள் மறுபடி மாறுமின்னோட்டமாகி மறுபக்கம் போகும். 1000 மெகாவாட் வரை கடக்கலாம், தாளம் மட்டும் கடக்காது. விசாகப்பட்டினத்தின் காஜுவாகாவிலும் இதே ஏற்பாடு. 2003இல் ஒடிசாவின் தால்சேரிலிருந்து கோலாருக்கு 2000 மெகாவாட் நேர்மின்னோட்ட லைனும் வந்தது. வடக்கின் தடுமாற்றம் அன்று நம்மை இழுத்துப்போகாததற்கு இந்தத் தடுப்புதான் காரணம்.

ஆனால் அதே 2012 ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் இல்லை. கோவையில் லேத் பட்டறைகள் முடங்கின, தறிகள் நின்றன. வடக்கே விற்பதற்கு மின்சாரம் இருந்தது. கொண்டுவரப் போதுமான பாதைதான் இல்லை. மின்சந்தையில் தெற்குக்கு மட்டும் விலை ஏறியது. ஜூலையில் நம்மைக் காத்த தடுப்பு, சில மாதங்களில் நம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைத்து 765 கிலோவோல்ட் லைன் தயாரானது. இரண்டு முனையிலும் பெரிய சப்ஸ்டேஷன்கள். 2013 டிசம்பர் 31, ஆண்டின் கடைசி நாள். இரு பக்கத்து அதிர்வெண், மின்னழுத்தம், அலையின் நிலை மூன்றும் பொருந்தி வரும் கணத்தில்தான் பிரேக்கரை மூட முடியும். பொருந்தாமல் மூடினால் இயந்திரங்கள் சேதமடையலாம். மூடினார்கள். நாட்டின் மண்டலத் தொகுப்புகள் எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்தன.

பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை வந்தது, 6000 மெகாவாட் திறனோடு. ஆடிக்காற்றில் நம் காற்றாலைகள் வேகமெடுக்கும்போது, அதே பாதையில் வடக்கே மின்சாரம் அனுப்பவும் முடியும்.