வரலாற்று நூலின் மீது ஒரு வழக்கு



உரோமக் குடியரசில் ‘மயெஸ்டாஸ்’ என்னும் சட்டம் ஒன்று இருந்தது. உரோம மக்களின் மாட்சிக்கு ஊறு விளைவித்தோரை அது தண்டித்தது. படையைக் காட்டிக்கொடுத்தலும் கலகம் மூட்டலும் அதன்கீழ்க் குற்றங்களாயின. செயல்களே விசாரிக்கப்பெற்றன, சொற்களுக்குத் தண்டனை இருந்ததில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அவதூறு எழுத்துகளை முதன்முதலாக இச்சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தவர் பேரரசர் அகஸ்டஸ். மக்களின் மாட்சி, ஆள்வோரின் மாட்சியாக மாறிற்று.

அகஸ்டசுக்குப்பின் வந்த டைபீரியஸ் ஆட்சியில் இவ்வழக்குகள் பெருகின. அரசு வழக்குரைஞர் என்றொருவர் அங்கு இல்லை. குற்றஞ்சாட்டத் தனியாரே முன்வந்தனர். வென்றோர்க்கு எதிரியின் உடைமையில் நாலில் ஒரு பங்கு கிட்டும். ஆகவே குற்றஞ்சாட்டுவதே சிலர்க்குத் தொழிலாயிற்று. எதிரி தற்கொலை செய்துகொண்டால் இவ்வெகுமதியை நிறுத்திவிடலாம் என்று கி.பி. 24இல் செனட் சபையில் கருத்து எழுந்தது. டைபீரியஸ் அதனை மறுத்தார். சட்டங்களைக் காப்போர் குற்றஞ்சாட்டுவோரே என்பது அவர் வாதம்.

மறு ஆண்டில், கிரெமூத்தியஸ் கோர்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் செனட் முன் நிறுத்தப்பெற்றார். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸைத் தம் நூலில் புகழ்ந்தார், காசியஸை உரோமர்களுள் கடைசி மனிதர் என்றார், இவையே குற்றங்கள். குற்றஞ்சாட்டிய இருவரும் பேரரசரின் வலக்கையாக விளங்கிய செஜானஸின் ஆட்கள். புரூட்டசும் காசியசும் மாண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன! பாம்பேயைப் புகழ்ந்தெழுதிய லிவியின் நட்பை அகஸ்டஸ் துறக்கவில்லை என்பதைக் கோர்டஸ் எடுத்துக்காட்டினார். பேசி முடித்து வெளியேறியவர், உண்ணாதிருந்து உயிர்நீக்கத் துணிந்தார். அவர் சாவின் மூலம் தப்புகிறார் என்று குற்றஞ்சாட்டியோர் முறையிட்டனர். அம்முறையீடு ஆராயப்படும்போதே அவர் உயிர் பிரிந்தது.

நூலை எரிக்குமாறு செனட் ஆணையிட்டது. ஆயினும் அவர்தம் மகள் மார்சியா அதனைக் காத்து வைத்தார். கி.பி. 31இல் செஜானசே கொல்லப்பட்டார். கி.பி. 37இல் அரியணை ஏறிய காலிகுலா, அந்நூல் மீண்டும் வழங்க இசைந்தார்.

இன்று அந்நூலின் சில துணுக்குகளே எஞ்சியுள்ளன. நெருப்புக்குத் தப்பிய நூலைக் காலம் விழுங்கிவிட்டது. ஆனால், அதனை எரித்த செய்தியை டாசிட்டசின் ஏடு அழியாமல் வைத்திருக்கிறது. கோர்டஸைக் குற்றஞ்சாட்டிய இருவரின் பெயரும் அவ்வேட்டில் வாழ்கின்றன, அவருடைய பகைவர்களாக.