பாராகார்டு பின்னலும் ஜிக் பலகையும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க வான்குடை வீரர்களின் குடைத்துணியை அவர்கள் அணிந்த வார்ப்பட்டையுடன் இணைத்த நைலான் கயிறு, இன்று பாராகார்டு என்ற பெயரில் கைப்பட்டை, சாவி வார், நாய்க்கான கழுத்துப்பட்டை முதலியவற்றைப் பின்னும் கைவினைக்கு மூலப்பொருளாகியிருக்கிறது. 550 என்ற எண்ணால் அறியப்படும் வகை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அறுபடுமுன் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச எடை 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ, என்பதையே அவ்வெண் குறிக்கிறது. அலங்காரத்துக்கென விற்கப்படும் கயிறுகள் யாவும் இத்தரத்தவை அல்ல.

இக்கைவினையில் பெரிதும் வழங்கும் கோப்ரா பின்னலில், நீளவாக்கில் ஓடும் நடுக்கயிறுகள் தறியின் பாவைப் போல விறைப்பாக நிற்க, இருபுறக் கயிறுகள் ஒருமுறை இடமிருந்தும் மறுமுறை வலமிருந்தும் அவற்றைச் சுற்றி முடிச்சாக விழுகின்றன. பக்கம் மாற்றாமல் ஒரே புறத்திலிருந்து முடிந்துகொண்டே போனால் பட்டை திருகிக்கொள்ளும். நடுக்கயிறு தளர்ந்தால் முடிச்சுகள் ஒன்றோடொன்று நெருங்குவதிலும் விலகுவதிலும் ஒழுங்கு குலைந்து, எண்ணிய நீளமும் கைவராமல் போகும். முழங்காலுக்கிடையிலோ ஆணியிலோ மாட்டி அந்த விறைப்பைக் காப்பவர்கள் உண்டெனினும், அதை ஒரு பலகையிடம் ஒப்படைத்துவிட்டு இரு கைகளையும் முடிச்சுக்கு மட்டுமே விடுவிப்பதுதான் ஜிக் என்ற துணைச்சாதனத்தின் தலையாய பயன்.

அதைச் செய்வதற்குத் தச்சுத் தேர்ச்சி பெரிதாகத் தேவையில்லை. முக்கால் அங்குல ஒட்டுப்பலகையில் சுமார் 45 சென்டிமீட்டர் நீளத் துண்டொன்றை எடுத்து, நடுவே நீளவாக்கில் ஒரு காடி வெட்டி, ஒரு முனையில் நிலையான கட்டையையும், காடியில் நகர்ந்து போல்ட்டாலும் விங் நட்டாலும் இறுகும் மற்றொரு கட்டையையும் பொருத்தினால் உடல் முடிந்தது. நிலையான கட்டையில், பட்டையைப் பூட்டும் வகைப் பக்கிள் ஒன்றின் செருகும் பாதியையும், நகரும் கட்டையில் ஏற்கும் பாதியையும் ஒன்றையொன்று பார்க்கும்படி திருகாணியால் பதிக்க வேண்டும். பின்னப்படும் பட்டையின் பக்கிள் பாதிகள் இவற்றோடு எதிரெதிராக மாட்டிக்கொள்ளும். பட்டையின் நீளம் காட்டும் அளவுகோலைப் பலகையில் ஒட்டும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். பலகையின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று செருகிப் பூட்டி, நகரும் கட்டை அப்போது நிற்கும் இடத்தையே சுழியமாகக் குறித்துவிட்டால், செருகும் நாக்குகளைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பத்துக்கே இடமிராது. பூட்டிய பட்டையின் நீளத்தை அளவுகோல் நேரடியாகக் காட்டும்.

மணிக்கட்டின் சுற்றளவோடு 2.5 சென்டிமீட்டர் கூட்டிக் கட்டையை நிறுத்துவது வழக்கம். தட்டையாக அளந்த பட்டையை வளைக்கும்போது அதன் தடிமனே உட்சுற்றளவைக் குறைத்துவிடுவதால் இந்தக் கூடுதல் தேவைப்படுகிறது. பின்னலின் மேல் மற்றொரு அடுக்கு பின்னும் கிங் கோப்ராவுக்கு இது போதாது. கயிற்றைப் பொறுத்தவரை, பட்டையின் ஓர் அங்குலத்துக்குச் சுமார் ஓர் அடி என்ற கணக்கு கோப்ராவுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இவ்வளவு துணைசெய்தாலும் ஜிக் முடிச்சைச் சீராக்குவதில்லை. ஒவ்வொரு முடிச்சையும் ஒரே அழுத்தத்தில் இறுக்குவது கையின் பயிற்சியாலேயே வரும் என்பதால், இக்கருவி கைவினையை இயந்திரமாக்குகிறது என்ற குறையில் வலுவில்லை. உண்மையான ஆபத்து மிகையான இழுப்பில் இருக்கிறது. நைலான் நீளும் இயல்புடையது. கயிற்றை வலிந்து இழுத்துப் பூட்டிப் பின்னினால், பலகையிலிருந்து கழற்றியதும் நடுக்கயிறு சுருங்கிப் பட்டை குட்டையாகிவிடும். தொங்கல் மறைந்து கயிறு நேராக நிற்கும் அளவே போதுமானது. பின்னி முடித்தபின் மிஞ்சிய நுனிகளை வெட்டி, தீயில் உருக்கி ஒட்டும்போது விரலால் அழுத்தாமல் கரண்டியின் அடியாலோ கத்தியின் தட்டைப் பக்கத்தாலோ அழுத்த வேண்டும். உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும்.