பருவம் தரும் தொடுகறி



"வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, உருளைக்கிழங்கு கூடாது என்றால், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேறு என்னதான் இருக்கிறது?" வெளியூரில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கேட்கும் கேள்வி இது. 'கூடாது' என்பதை மட்டுமே அவர்கள் நம்மிடம் கேட்டு வளர்ந்தால், நாளடைவில் நோன்பு நழுவிவிடும். ஆகவே, 'உண்டு' என்பவற்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை நினைவுகூர்வோம். கோவலன் சாவக நெறியினன் என்பதறிந்து, பகலிலேயே உணவு சமைப்பதற்கு வேண்டியவற்றை மாதரி கண்ணகியிடம் அளிக்கின்றாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, நெல்லரிசி, பாற்பயன் ஆகியவற்றை இளங்கோவடிகள் அங்கே குறிப்பிடுகின்றார். மண்ணைத் தோண்டி எடுத்த பொருள் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அவ்விருந்தில் குறையேதும் தோன்றவில்லை.

அக்கண்ணகியின் கோட்டம் கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறை மலையில் உள்ளது. உத்தமபாளையத்துப் பாறையிலோ தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இன்றும் காணக் கிடைக்கின்றன. நம் நெறி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தழைத்த பள்ளத்தாக்கு இது.

நெறியின் காரணத்தை விளக்கவும் இம்மண்ணிலேயே சான்று உண்டு. இஞ்சியும் ஏலமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இஞ்சியை எடுக்கச் செடியையே அகழ வேண்டும். அதனோடு மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் மடியும். ஏலத்திலோ முதிர்ந்த காயை மட்டும் பறித்துச் செல்வர். செடி நிலைத்து நின்று மறுபடியும் காய்க்கும். போடியின் ஏலக்காய் ஏலத்தைக் காணும் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைச் சொன்னால் எளிதில் விளங்கும்.

இனிப் பருவத்திற்கேற்ற சில தொடுகறிகளைக் காண்போம்.

கோடையில் வெள்ளரியும் மாங்காயும் மலிவு. இரண்டு வெள்ளரிப் பிஞ்சுகளைப் பொடியாக அரிந்து, அரைமணி நேரம் ஊறிய பாசிப்பருப்பு இரண்டு கரண்டி, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துக் கடுகு தாளித்து, எலுமிச்சை பிழிந்தால் கோசுமல்லி ஆயிற்று. பருப்பையும் காய்ச்சாத பாலின் தயிரையும் சேர்த்து உண்ணாதோர்க்கு இது மிகவும் ஏற்றது. மாங்காயை வேகவைத்து வெல்லமும் சிட்டிகை உப்பும் இட்டு, இறக்கும்போது ஒரே ஓர் ஏலக்காயைத் தட்டிப் போட்டால் பச்சடி மணக்கும். தேன் வேண்டியதில்லை.

மழைக்கால நான்கு மாதங்களில் சிற்றுயிர்கள் பெருகுவதால் கீரைகளைத் தவிர்க்கின்றோம். அப்போது பீர்க்கங்காய் கைகொடுக்கும். அதன் தோலை நன்கு கழுவி எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், புளி, தேங்காய், உப்பு சேர்த்து அரைத்தால் துவையல். சதைப்பகுதியைப் பாசிப்பருப்போடு வேகவைத்தால் கூட்டு. ஒரு காயில் இரண்டு தொடுகறிகள்.

தை மாதத்தில் மலைச்சரிவுகளில் மிளகு அறுவடை நடைபெறும். வாழைக்காயை வேகவைத்துத் துருவி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, இடித்த பச்சை மிளகும் தேங்காயும் தூவினால் பொடிமாஸ். இஞ்சி இல்லாத குறையே தெரியாது. அவரை, மொச்சை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்த பின்னரே அடுப்பேற்றுதல் வேண்டும். அவ்வாறு பார்ப்பதும் அகிம்சையின் ஒரு பகுதியே.

ஊறவைக்கும் நேரம் நீங்கலாக, இவை அனைத்தும் அரைமணி நேரத்தில் ஆகக் கூடியவை. நாட்பட்ட ஊறுகாயை விலக்குவோர்க்கு அன்றன்று செய்யும் துவையலும் பச்சடியுமே மாற்று. மாலையில் பணி முடிந்து திரும்பும் இளையோரும் கதிரவன் மறைவதற்குள் உண்டு முடிக்க இவை துணைசெய்யும்.

அன்பர்களே, இவ்விடுமுறையில் உங்கள் பேரனோ பேத்தியோ இவற்றுள் ஒன்றைத் தம் கையாலேயே செய்து பழகட்டும். சந்தையில் காயைத் தேர்ந்தெடுப்பது முதல் தாளிப்பது வரை அவர்களே செய்யட்டும். நீங்கள் அருகிலிருந்து சொல்லிக்கொடுங்கள். தனியே வாழும் ஊரில் பசிக்கும் வேளையில், அறிந்த சமையல் ஒன்று கைவசம் இருந்தால் நோன்பும் அவர்களோடு இருக்கும்.

ஜெய் ஜினேந்திரா!