பத்து வாட் ஆம்ப்ளிஃபையரும் பக்கத்து வீட்டுச் சுவரும்

(நம் சங்கத்தின் மாதாந்திரச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், இருபது நிமிஷம், உங்கள் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். நான் வங்கியில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தவன். படித்தது பி.காம். எலக்ட்ரானிக்ஸ் என்பது பழைய பத்திரிகைகளையும் சுட்ட விரல்களையும் வைத்துக் கற்றுக்கொண்டது. அதனால் இதை நிபுணர் உரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் பலரும் "உள்ளே என்ன சார், அடுப்பு மாதிரி ஒரு பெட்டி?" என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொன்னதாக இருக்கட்டும்.

அந்தப் பெட்டி ஒரு கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையர். இடது பக்கத்துக்குப் பத்து வாட், வலது பக்கத்துக்குப் பத்து வாட், அவ்வளவுதான். சர்க்யூட் என்னுடையது இல்லை. ஜான் லின்ஸ்லி ஹூட் என்ற ஆங்கிலேயர் 1969 ஏப்ரலில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு நான்கே டிரான்சிஸ்டர். அதே பத்திரிகையில் 1947இல் வந்த வில்லியம்சன் வால்வு ஆம்ப்ளிஃபையர்தான் அந்தக் காலத்தில் நல்ல சத்தத்துக்கு உரைகல். அதற்கு ஈடாக, வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடியதாக, டிரான்சிஸ்டரில் ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். ஐம்பது வருடம் தாண்டியும் பல நாடுகளில் ஆட்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கிளாஸ் ஏ என்றால் என்ன? எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒலி என்பது மேலும் கீழும் போய்வரும் அலை. ஒரு கேஷ் கவுன்ட்டரில் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதை ஒருவர் பார்ப்பார், பணம் எடுப்பதை இன்னொருவர் பார்ப்பார். கட்டுகிறவர்கள் வரும்போது மற்றவர் தூங்கலாம். இது கிளாஸ் பி. செலவு குறைவு. ஆனால் ஒரு வேலை முடிந்து அடுத்தது வரும்போது, தூங்கியவர் எழுந்து கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளும் நேரம் ஒன்று இருக்கிறதே, அந்த இடைவெளியில் கவுன்ட்டர் நின்றுபோகும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் அப்படித்தான். சுமார் 0.6 வோல்ட் கிடைக்கும் வரை கண்ணைத் திறக்காது. அலை நடுக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தடுக்கல். இதற்குக் கிராஸ் ஓவர் டிஸ்டார்ஷன் என்று பெயர். கடையில் வாங்கும் ஆம்ப்ளிஃபையர்களில் நெடுங்காலமாகப் பெரும்பாலும் கிளாஸ் ஏபி: இருவரையும் அரைத்தூக்கத்தில் வைத்திருப்பார்கள். தடுக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கிளாஸ் ஏ-யில் இருவரும் பேனா திறந்தபடி நாள் முழுக்க முழு விழிப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் முழுச் சம்பளம். எந்த பிராஞ்ச் மேனேஜரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்!

இதில் நம்மைப் போல அடுக்குமாடியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தடுக்கலின் அளவு கிட்டத்தட்ட மாறாது. ஒரு லட்ச ரூபாய்க் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால் யாருக்கும் தெரியாது. நூறு ரூபாய்க் கணக்கில் உதைத்தால் உடனே தெரியும். சத்தம் பெரிதாக இருக்கும்போது தடுக்கல் அமுங்கிப்போகும், மெல்லக் கேட்கும்போதுதான் வெளியே தெரியும். நாம் கேட்பதோ மெல்லத்தான். கேட்க வேண்டியதும் மெல்லத்தான்.

எவ்வளவு மெல்ல என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரக்கூடியது. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவில். நான் சோபாவில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும் அளவு ஏறக்குறைய 70. அதற்கு ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு போதும். மிருதங்கத்தில் ஓங்கி ஒரு சாப்பு விழுந்தால் அந்தக் கணத்துக்கு ஒன்றரை வாட் கேட்கும். பத்து வாட்டில் மிச்சம் நிறைய இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு வாட் என்றால் எட்டு ஓம் ஸ்பீக்கரில் சுமார் 0.6 வோல்ட்தான். டிரான்சிஸ்டர் கண் திறக்கத் தேவையான அதே அளவு என்பதைக் கவனியுங்கள். நம் வரவேற்பறைப் பாட்டு முழுக்க அந்தத் தடுக்கல் இருக்கும் இடத்திலேயே நடக்கிறது.

இதைச் சொல்லும்போது பெட்டிமேல் "2000 வாட் பிஎம்பிஓ" என்று போட்டு விற்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மாதிரிப் பெட்டி ஒன்றின் பின்பக்கம் ஒட்டிய சீட்டைப் படித்தேன். சுவரிலிருந்து எடுப்பது 40 வாட் என்று இருந்தது. நாற்பது ரூபாய் வரவு வைத்து இரண்டாயிரம் பற்று எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? தவிர, பத்து வாட்டை நூறு வாட் ஆக்கினாலும் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. போன மாதம் இதே கூடத்தில் சத்தம் பற்றி நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். மேலே சொல்ல வேண்டியதில்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன். என் பெட்டிக்கு 27 வோல்ட் சப்ளை, ஒரு பக்கத்துக்கு 1.2 ஆம்பியர் ஓயாமல் ஓடும். பெருக்கினால் 32 வாட். இரண்டு பக்கமும், டிரான்ஸ்ஃபார்மர் நஷ்டமும் சேர்த்துச் சுவரில் சுமார் 90 வாட் எடுக்கிறது. வால்யூமைக் குறைத்தாலும் குறையாது. பாட்டே ஓடாதபோதுதான் பெட்டி அதிகமாகச் சுடும், ஏனென்றால் ஸ்பீக்கருக்குப் போக வேண்டியதும் வெப்பமாகவே மாறுகிறது. தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் இரண்டு மாத பில்லில் பதினோரு யூனிட் கூடும். இன்றைய கிளாஸ் டி சிப் இதே வேலையைச் சில வாட்டில் முடித்துவிடும். சிக்கனம் பார்க்கிறவர்கள் அதையே வாங்கலாம், தப்பே இல்லை. சென்னை மே மாதத்தில் மத்தியானம் நானே இதைப் போடுவதில்லை.

செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமான் எல்லாம் ரிச்சி தெரு. வெளியீட்டு டிரான்சிஸ்டர் 2என்3055, ஒரு காலத்தில் பவர் சப்ளைகளில் எல்லாம் இருந்த அந்த இரும்புத் தொப்பி. இதில் போலி அதிகம். விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் நம்ப வேண்டாம். ஆறு வாங்கி, கெயின் அளந்து, ஒத்துப்போகும் நான்கை எடுத்தேன். எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. சொல்லிச் சுற்றவைத்த டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் அதில் பாதியைத் தின்றுவிட்டன.

ஹீட் சிங்க்கில் கஞ்சத்தனம் கூடாது. சர்க்யூட் குளிர்நாட்டில் பிறந்தது. அங்கே அறை 20 டிகிரி என்றால் இங்கே 35. அதற்கு மேல் முப்பது டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் பக்கத்துக்கு ஒரு பெரிய அலுமினியப் பாளம் வேண்டும். அதன் இதழ்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், காற்று கீழிருந்து மேலே ஏறட்டும். ஃபேன் வைத்தால் அதன் இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். அந்த டிரான்சிஸ்டரின் உடம்பிலேயே மின்சாரம் உண்டு. அதனால் நடுவில் மைக்கா தகடும் இருபுறமும் பேஸ்ட்டும் வைத்து இறுக்கி, ஒட்டிக்கொள்ளவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே அடுத்த வேலை.

முதல் முறை நேராகச் சுவரில் செருகவில்லை. பழைய அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைக்கும். (இப்போது அந்தக் குண்டு பல்பு கிடைப்பதுதான் கஷ்டம். யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எறியாதீர்கள், எனக்குத் தாருங்கள்.) பிறகு நடுப்புள்ளியைச் சப்ளையில் பாதிக்கு, அதாவது 13.5 வோல்ட்டுக்கு, வைத்தேன். கரன்ட்டை 1.2 ஆம்பியருக்குத் திருப்பினேன். அரை மணி நேரம் சூடான பிறகு இரண்டையும் மறுபடி சரிசெய்தேன்.

இந்த இடத்தில் எல்லோரும் கொஞ்சம் கவனியுங்கள். இரும்புப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். அதனால் ஹாலில் இருக்கும் பிளக் பாயின்ட்டை மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு காட்ட வேண்டும். எதுவோ நாற்பது, முப்பது என்று ஆடிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயர் கழன்று கிடந்தது. எத்தனை வருடமாக என்று யாருக்குத் தெரியும்? சங்க எலக்ட்ரீஷியன் எங்கள் பிளாக்கில் பார்த்தபோது இன்னும் சில வீடுகளிலும் அப்படியே இருந்தது. அந்தப் பாயின்ட்டில் ஆம்ப்ளிஃபையர் போட மாட்டீர்கள், சரி. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், கீசர்? எர்த் இல்லாத இடத்தில், கசிவு ஏற்பட்டால் டிரிப் ஆகும் சுவிட்ச் கூட ஆள் தொட்ட பிறகுதான் விழும்.

கேட்பதற்கு எப்படி இருக்கிறது என்பதுதானே உங்கள் கேள்வி? மற்றவர்கள் சொல்வதுபோல் திரை விலகியது, பாடகர் எதிரே வந்து உட்கார்ந்தார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். வயது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் என் காதில் விழுவதில்லை, பேரனுக்குப் பதினைந்தாயிரமும் கேட்கிறது. அதனால் ஒரு பரீட்சை வைத்தோம். என் பழைய கடை ஆம்ப்ளிஃபையர் ஒன்று, இது ஒன்று. ஒரே சுருதியில் ஓடும் ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் இரண்டுக்கும் ஒரே வோல்ட் வரும்படி வைத்துக்கொண்டோம். ஒன்று துளி உரக்க இருந்தால் அதுவே நல்லது என்று காது சொல்லிவிடும். மூன்றாவது மாடியில் வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மாவும் நானும் கேட்டோம். அவர் மகள் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் போட்டாள்.

சினிமாப் பாட்டை ஓரளவு உரக்க வைத்தபோது இருவருக்குமே வித்தியாசம் தெரியவில்லை. பிறகு மிகவும் மெல்ல, எம். டி. ராமநாதன் ஆலாபனை. அந்த அடித்தொண்டைக் குரல் நிதானமாக இறங்கும்போது பின்னால் தம்புராவின் ரீங்காரம் மட்டும் நிற்கும். அந்த அம்மா பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார். நான் ஏழு. நாணயத்தைச் சுண்டினாலும் ஆறு தடவைக்கு ஒரு முறை பத்தில் ஏழோ அதற்கு மேலோ விழும், பி.காமில் படித்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அவ்வளவு சொல்கிறது. ஆகவே என் ஏழைத் தள்ளிவிடுங்கள். ஒன்பது என்பது நூற்றுக்கு ஒரு முறை நடப்பது, அதை வைத்துக்கொள்ளலாம். தம்புரா தேயும்போது பழைய பெட்டியில் கடைசியில் "கொஞ்சம் மணல் விழுகிறது" என்றார் அவர். என் பழைய பெட்டிக்கும் வயதாகிவிட்டது. புதிதாக, ஒழுங்காகச் செய்த ஏபி என்றால் அவருக்கும் தெரியாமல் போகலாம்.

எனக்குக் கிடைத்தது வேறு. முன்பெல்லாம் வரிகள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றுவேன், மனைவி குறைப்பாள். இப்போது இரவு பத்து மணிக்கு, உள்ளே அவள் தூங்கும்போதும், கதவை மூடாமல் ஒரு கச்சேரி முழுக்கக் கேட்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பரிடம் கேட்டேன், ஒன்றுமே காதில் விழவில்லை என்றார்.

கேட்க விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாருங்கள், நாலரைக்கே சூடேற்றி வைத்துவிடுவேன். ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், அறை தாங்காது. குழந்தைகளைக் கூட்டி வந்தால் பெட்டியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் பார்க்க வேண்டியவர்கள் காவலாளியிடம் இருக்கும் நோட்டில் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள், சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியனோடு நானும் மீட்டரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.