நரகத்தைக் கட்டியது யார்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் நரகம். நரகம் என்றவுடன் உங்களில் சிலர் சிரிக்கின்றீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இதே நரகம் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கான ஜனங்களைத் தூங்கவொட்டாமல் அடித்திருக்கின்றது. சாகக்கிடப்பவன் கையிலிருந்து சொத்தை எழுதி வாங்கியிருக்கின்றது. பிள்ளையைப் பறிகொடுத்து அழுத தாயை இரண்டு மடங்காக அழ வைத்திருக்கின்றது. ஆகவே சிரிப்பதற்கு முன் அதற்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

நாம் பார்க்கப்போவது இத்தாலி தேசத்து நரகம். பிளாரன்ஸ் பட்டணத்தில் 1265-ல் பிறந்து 1321-ல் ராவென்னா என்னும் ஊரில் இறந்துபோன தாந்தே என்ற கவி அதை எழுதினார். அவருடைய பெரிய காவியத்தில் நூறு பாகங்கள். அதில் முதல் 34 பாகங்களும் நரகத்தைப் பற்றியவை. இத்தாலிய பாஷை நமக்குத் தெரியாது; மொழிபெயர்ப்பில் படித்ததைத்தான் சொல்லுகின்றோம். தாந்தே மகா கவி என்பதை மறுக்க நாம் இங்கு வரவில்லை. அந்த நரகத்தின் பீனல்கோடுதான் நமக்கு வேண்டியது. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை, அந்தச் சட்டத்தைச் செய்தது யார் என்பதையே கேட்க வந்திருக்கின்றோம்.

வாய் அகன்று அடி குறுகிய ஒரு பெரும் பள்ளம் பூமியின் நடு மையம் வரைக்கும் போகின்றது. அதில் படிப்படியாக ஒன்பது வட்டங்கள். கீழே போகப் போகக் குற்றமும் பெரிது, தண்டனையும் பெரிது. காமத்தில் விழுந்தவர்களைச் சூறைக்காற்று ஓயாமல் சுழற்றி அடிக்கின்றது. பெருந்தீனிக்காரர்கள் ஆலங்கட்டி மழையில் சேற்றிலே கிடக்கின்றார்கள். பணத்தைப் பூட்டி வைத்தவர்களும் வாரி இறைத்தவர்களும் பாரத்தை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வந்து ஒருவர்மேல் ஒருவர் மோதுகின்றார்கள். வருங்காலத்தைச் சொல்லுகிறோம் என்று ஜோசியம் சொல்லிப் பிழைத்தவர்களுக்குத் தலை முதுகுப் பக்கம் திருகப்பட்டிருக்கின்றது. முன்னே பார்க்க முடியாமல் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். வெளிவேஷக்காரர்களுக்கு மேலே தங்க முலாமும் உள்ளே ஈயமுமாகக் கனத்த அங்கி. குற்றம் எப்படியோ தண்டனையும் அப்படியே என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கின்றார். இவ்வளவு நுட்பமாக யோசித்துக் கட்டிய கட்டிடத்தைப் பார்த்தவுடனேயே இதற்கு ஒரு கொத்தன் இருந்திருக்க வேண்டும், அவன் நம்மைப்போல் ஒரு மனிதன்தான் என்பது தெரியவில்லையா?

சரி, இந்தச் சட்டத்தின் நியாயத்தைப் பார்ப்போம். அந்த நரக வாயிலில், இதைக் கட்டியவற்றுள் கடவுளுடைய அன்பும் ஒன்று என்று எழுதியிருப்பதாகத் தாந்தே சொல்லுகின்றார். அன்பு கட்டிய வீட்டில் முதல் வட்டத்தில் குடியிருப்பவர்கள் யார் தெரியுமா? ஒரு பாவமும் செய்யாதவர்கள்! ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன பச்சைக் குழந்தைகளும், கிறிஸ்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த நல்லவர்களும் அங்கே இருக்கின்றார்கள். அடி உதை இல்லையாம். ஆனால் என்றைக்கும் விடுதலையும் இல்லையாம்.

தாந்தேக்கு வழிகாட்டியாக வருகிறவர் வர்ஜில் என்ற ரோமாபுரிக் கவி. அவரை அறிவின் வடிவமாகவே தாந்தே வைத்திருக்கின்றார். பாதையெல்லாம் அவருக்குத் தெரியும். பயப்பட்டால் தைரியம் சொல்லுகின்றார். வழுக்கினால் தூக்கிக்கொண்டு போகின்றார். இவ்வளவு செய்தும் மோட்சத்திற்குள் அவருக்கு இடமில்லை. ஏன்? ஞானஸ்நானம் இல்லை. அவர் இறந்ததோ கி.மு. 19-ல். பிறக்காத மதத்தில் சேராதது குற்றமென்றால், தோழர்களே, நாளைக்கு உண்டாகப்போகிற சட்டத்திற்காக இன்றைக்கே உங்களைச் சிறையில் போட்டால் சும்மா இருப்பீர்களா?

குழந்தைகள் சங்கதி இதைவிடக் கொடுமை. இது ஒரு கவி தன் இஷ்டத்திற்கு எழுதியதல்ல. லிம்போ என்று பேர் வைத்துப் பாதிரிமார்கள் பல நூற்றாண்டுகள் சொல்லி வந்த சங்கதி. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த சிசுவை மந்திரித்த கல்லறை பூமியில் புதைக்கவும் இடம் கொடுக்காமல் இருந்தார்கள். கடைசியில் 2007-ல், போப்பின் சம்மதத்தோடு கத்தோலிக்க வேதசாஸ்திரிகளின் சர்வதேசக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போ என்பது முடிவான மதக்கொள்கை அல்ல, அந்தக் குழந்தைகள் கரையேறுவார்கள் என்று நம்ப இடமிருக்கின்றது என்பது அதன் சாரம். நல்லது, சந்தோஷம். ஆனால் அதுவரை தாய்மார்கள் விட்ட கண்ணீருக்கு யார் ஜவாப்தாரி? அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டையாவது எந்த அறிக்கை திரும்ப எடுக்கும்?

இனி ராஜாக்கள் சங்கதி. கால் தேசத்தின்மேல் படையெடுத்து இரத்தத்தை ஆறாக ஓடவிட்ட ஜூலியஸ் சீசர் எங்கே இருக்கின்றார்? முதல் வட்டத்தில், கோட்டைக்குள், பச்சைப் புல்வெளியில், பெரிய மனிதர்கள் கூட்டத்தில். ஊர் ஊராகச் சூறையாடிய அட்டிலா ஏழாவது வட்டத்தில் கொதிக்கும் இரத்த ஆற்றில். ஆனால் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் எல்லாவற்றிற்கும் அடியில், யூதாஸுக்குப் பக்கத்தில், மூன்று தலைச் சாத்தானுடைய வாயில் கடிபடுகின்றார்கள். அதாவது, ஜனங்களைக் கொன்ற ராஜாவுக்கு மேல்தட்டு, ராஜாவைக் கொன்றவனுக்கு அடித்தட்டு. காரணம் என்னவென்றால், உலகத்திற்கு ஒரு சக்கரவர்த்தி வேண்டும் என்பது தாந்தேயின் அரசியல் கொள்கை. அந்தக் கொள்கையே நரகத்தின் சட்டமாகிவிட்டது. மனிதனை அடிமையாக வைத்திருப்பவனுக்கென்று அங்கே ஒரு வட்டமும் இல்லை. மதத்திற்கு விரோதமாகப் பேசினான் என்று மனிதனை உயிரோடு கொளுத்துகிறவனுக்கென்று ஒரு குழியும் இல்லை. ஆனால் உடம்போடு உயிரும் அழிந்துபோகும் என்று சொன்ன எபிக்யூரஸுக்கும் அவர் சீடர்களுக்கும் நெருப்பெரியும் கல்லறை தயாராக இருக்கின்றது.

அந்தக் கல்லறையில் நிற்பவர்களில் ஒருவர் பரினாட்டா. 1260-ல் பிளாரன்ஸ் பட்டணத்தைத் தரைமட்டமாக்க வேண்டும் என்று அவர் கட்சிக்காரர்களே சொன்னபோது, ஒற்றை ஆளாய் நின்று தடுத்து ஊரைக் காப்பாற்றியவர். அவர் இறந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, 1283-ல் மதவிசாரணைக்காரர்கள் அவரை மதத்துரோகி என்று தீர்ப்புச் சொல்லி எலும்பைத் தோண்டி எடுத்தார்கள். பூமியில் பாதிரி எழுதிய தீர்ப்பை அப்படியே பாதாளத்தில் நகல் எடுத்திருக்கின்றது. இதற்குத் தெய்வநீதி என்று பேர்!

பாவக்கணக்கும் காலத்துக்குக் காலம் மாறுகின்றது. தாந்தே காலத்தில் வட்டிக்குக் கொடுப்பது மகா பாவம். வட்டிக்காரர்கள் கழுத்தில் பணப்பையோடு எரியும் மணலில் உட்கார்ந்திருக்கின்றார்கள். 1942-ல் போப்பரசரே ஒரு நிதி ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அதை ஜனங்கள் வத்திக்கான் பாங்கு என்றே சொல்லுகின்றார்கள். எரிகிற மணல் எப்போது ஆறிற்று? யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

நிற்க, தாந்தேக்குச் சேரவேண்டிய பெருமையையும் கொடுத்துவிடுவோம். அவர் காலத்தில் போப்பாக இருந்தவர் எட்டாம் போனிபேஸ். 1300-ல் அவர் ஓர் விளம்பரம் செய்தார்: பாவத்தைச் சொல்லி மனம் வருந்தி, வெளியூரார் 15 நாள் ரோமாபுரியிலுள்ள இரண்டு பெரிய கோயில்களுக்குப் போய் வந்தால் முழுப் பாவமன்னிப்பு. ஜனங்கள் கூட்டம் கூட்டமாய்ப் போனார்கள். தாந்தே தாம் நரகம் போய்வந்ததாகச் சொல்லுவதும் அதே 1300-ம் வருஷத்தில்தான். அங்கே என்ன பார்த்தார்? குருப்பட்டங்களை விலைக்கு விற்றவர்கள் தலைகீழாகக் குழியில் சொருகப்பட்டு, உள்ளங்காலில் நெருப்பு எரிகின்றது. அதில் ஒருவர் மூன்றாம் நிக்கோலஸ் என்ற போப்பு. அடுத்து அந்தக் குழிக்கு வரப்போகிறவர் போனிபேஸ் என்று இடம் ஒதுக்கியாகிவிட்டது! போனிபேஸோ 1303 வரை உயிரோடு இருந்தவர்.

இன்னொரு கதையும் சொல்லுகின்றார். குவிதோ என்ற சேனாபதி வயதான பிறகு சந்நியாசியானான். எதிரியின் கோட்டையைப் பிடிக்க ஒரு சூழ்ச்சி சொல் என்று போனிபேஸ் அவனைக் கேட்டாராம். பாவமாயிற்றே என்று தயங்கினவனுக்கு, முன்கூட்டியே மன்னிப்புக் கொடுத்துவிட்டேன் என்றாராம். அவனும் சொன்னான். செத்ததும் அவனை மோட்சத்திற்குக் கூட்டிப்போக ஒரு பெரிய மகான் வருகின்றார். குறுக்கே ஒரு பிசாசு வந்து நியாயம் பேசுகின்றது: வருத்தப்படாதவனுக்கு மன்னிப்பில்லை, செய்ய ஆசைப்பட்டுக்கொண்டே அதற்காக வருத்தப்படவும் ஒருவனால் முடியாது, ஆகவே இவன் என்னுடையவன். மகானால் பதில் சொல்ல முடியவில்லை. பார்த்தீர்களா தோழர்களே! போப்பு விற்ற மன்னிப்புச் சீட்டு பிசாசின் பகுத்தறிவுக்கு முன் செல்லவில்லை! மதத்தை முழுக்க நம்பின ஒருவரே, மோட்சத்தின் சாவி வைத்திருப்பவனை நம்பாதே என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கின்றார்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு பேருக்கும் தண்டனை எழுதின தாந்தேயும் ஒரு தண்டனைக் கைதிதான். 1302 ஜனவரியில் எதிர்க்கட்சியார் அவர்மேல் உத்தியோகத்தில் லஞ்சம் வாங்கினதாகக் குற்றம் சாட்டி ஊரைவிட்டுத் துரத்தினார்கள். மார்ச்சு மாதத்தில், கையில் அகப்பட்டால் உயிரோடு கொளுத்த வேண்டும் என்று தீர்ப்பு. சாகும்வரை அவர் சொந்த ஊர் மண்ணை மிதிக்கவில்லை. 2008-ல் பிளாரன்ஸ் நகரசபை அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. 706 வருஷம் தாமதம். ஆனாலும் மனிதன் எழுதின தீர்ப்பை மனிதன் திருத்தினான். நித்திய நரகத்திலே அப்பீல் உண்டா? மறுவிசாரணை உண்டா? திருந்தினவனுக்கு விடுதலை உண்டா? ஒன்றும் கிடையாது. தப்பினால் திருத்த வழியில்லாத நீதி மனிதனுடைய நீதியைவிட எப்படி உயர்ந்ததாகும்?

பிரான்செஸ்கா என்ற பெண், கணவன் தம்பியின்மேல் அன்பு வைத்ததற்காகக் கணவன் கையால் கொலையுண்டவள், சூறைக்காற்றில் சுழன்றுகொண்டே தன் கதையைச் சொன்னபோது தாந்தே மனம் தாங்காமல் மூர்ச்சித்து விழுந்தார் என்று அவரே எழுதுகின்றார். அந்தச் சட்டத்தைச் செய்தது மதம். மூர்ச்சித்து விழுந்தது மனிதன். இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று உங்கள் புத்தியைக் கொண்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆகையால் தோழர்களே! எவனாவது நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாவக்கணக்கை எழுதினவன் யார்? எழுதின காலத்தில் யாருக்கு லாபம்? இந்தக் கணக்கிலே விட்டுப்போன குற்றம் யாருடையது? இவ்வளவு கேட்டாலே போதும், நரகத்தின் நெருப்பு தானாக அவிந்துபோகும். பயத்தால் பாவம் செய்யாமல் இருப்பவனைவிட, அடுத்தவனுக்கு வலிக்குமே என்று செய்யாமல் இருப்பவனே மனிதன்.